தண்டையார்பேட்டையில் காட்டுயிருக்கு எங்கே போவது?

கேட்டவர் ஓர் ஆசிரியை. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். பிள்ளைகளுக்குக் காட்டுயிர்களையும் புகைப்படம் எடுப்பதையும் சேர்த்துச் சொல்லித்தர ஆசைப்படுகிறார். என்ன கேமரா வாங்கலாம், பறவைகளை அடையாளம் காட்ட எந்தச் செயலி நல்லது என்ற இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்டிருந்தார்: "எங்கள் பக்கம் லாரியும் புகையும்தான். வருடத்துக்கு ஒரு தடவை வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதுமா?"

டீச்சர், இருபத்தாறு வருடம் இதே வட சென்னையில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணூர் முகத்துவாரச் சேற்றில் மூன்று ஜோடி செருப்பைப் பறிகொடுத்திருக்கிறேன். அதையும் தகுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா இப்போதைக்கு வேண்டாம். செயலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டலூருக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் அதைச் சுற்றுலாக் கணக்கில் எழுதுங்கள். பாடம் உங்கள் பள்ளி மதில்சுவருக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது, அதனால்.

பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். அந்த உயிர் காலேஜ் 1855-இல் தொடங்கியது. 1985-இல் வண்டலூரில் திறக்கப்படும் முன்பு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்புறம்தான் இருந்தது. என் அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டியிருக்கிறார். கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்த ஒரு புலி மட்டும் நினைவில் இருக்கிறது. இரண்டு பெயரிலும் காலேஜ் இருக்கிறது பாருங்கள். ஆனால் கூண்டுப் புலியிடம் ஒரு பிள்ளை எதைப் படிப்பது? அது எதைத் தின்னும், எப்போது தின்னும், எங்கே படுக்கும் என்பதையெல்லாம் ஊழியர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். காகத்துக்கு அப்படி முடிவு செய்து தர ஆள் கிடையாது. தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. அதனால் காகத்திலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், ராத்திரி அடித்த காற்றில் அதிலிருந்து ஒரு காக்கைக் கூடு விழுந்துவிட்டது. குஞ்சுகள் பறந்துபோய்ச் சில நாள்கள் ஆகியிருக்க வேண்டும், கூடு காலி. துப்புரவு அம்மா குப்பையில் போட எடுத்ததை நான் வாங்கிக்கொண்டு வகுப்பில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தேன். "பிரியுங்கள், ஒவ்வொன்றாக எழுதுங்கள்" என்றேன். இரண்டு பாடவேளை போயிற்று. வெளிச்சுற்றில் வேப்பங்குச்சி கொஞ்சம்; மற்றதெல்லாம் கம்பி. கட்டடம் கட்டுகிற இடங்களில் முறுக்கி வெட்டிப் போடுகிற கட்டுக்கம்பித் துண்டுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. துணி மாட்டும் ஹேங்கரின் கொக்கி இரண்டு. ஒரு மூக்குக்கண்ணாடியின் காது. நகரத்துக் காகங்கள் கம்பியில் கூடு கட்டுவது புதிய செய்தி இல்லை, ஆனால் பிள்ளைகள் யாரும் அதுவரை கையில் தொட்டுப் பார்த்ததில்லை.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், பாடப் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை, அவன் கேட்டான்: "சார், வெயிலில் கம்பி சுடுமே, முட்டை வெந்துவிடாதா?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை; சொல்லியிருந்தால் வகுப்பு அங்கேயே முடிந்திருக்கும். இன்னும் பிரியுங்கள் என்று மட்டும் சொன்னேன். உள்ளே போகப் போகத் தென்னை நார், கந்தல் நூல், தலைமுடி என்று ஒரு விரற்கடை கனத்துக்கு மெத்தை வந்தது. அவனே அதைத் தூக்கிக் காட்டினான். வெப்பக் கடத்தி, வெப்பம் கடத்தாப் பொருள் என்று நான் நடத்தவேண்டிய பாடம் அடுத்த வாரம் இருந்தது. அதை நடத்த வேண்டியதே இல்லாமல் போயிற்று.

இதில் கேமரா எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பிரிப்பதற்கு முன் அந்தக் கூட்டை ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை நான். முழுக் கூட்டின் அளவு என்ன, கம்பிகள் எந்தத் திசையில் பின்னியிருந்தன என்று மறுநாள் ஒரு பெண் கேட்டபோது எங்களிடம் இருந்தது ஒரு குவியல் கம்பி மட்டும்தான். அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எதற்கு என்று புரிந்தது, எனக்கும் சேர்த்து. அழகுக்கு இல்லை. திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்கு.

குயில் கூவத் தொடங்குவதற்கும் காக்கை கூடு கட்டுவதற்கும் உள்ள தொடர்பை இங்கே விரிக்கவில்லை. காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் 'குயில்' என்றதும் கறுப்பாக ஒன்றை நினைக்கிற பிள்ளைகளுக்கு, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த பெண் குயிலைக் காட்டுங்கள். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்பாதது நல்லது.

அடுத்த பாடம் மேலே பறக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் காலையில் போய் நின்றால், ஏலம் கூவுகிற சத்தத்துக்கு மேலே பருந்துகள் வட்டம் போடும். இரண்டு வகை. முழுக்கப் பழுப்பாக, வாலின் முனை மீன்வால் போல உள்வாங்கி இருந்தால் கரும்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம், வால் விசிறி போல வட்டமாக இருந்தால் செம்பருந்து. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அது. வாலை மட்டும் பாருங்கள் என்று ஒரே ஒரு அடையாளம் கொடுங்கள். பத்து அடையாளம் கொடுத்தால் ஒன்றும் தங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை அல்லவா, அந்த நாள்களில் அதே இடத்தில் அதே நேரத்தில் நின்று மறுபடி எண்ணச் சொல்லுங்கள். கோடை விடுமுறை வேறு. மீன் கழிவு குறைந்தால் பருந்து எங்கே போகிறது என்பது பிள்ளைகளே கண்டுபிடிக்கக்கூடிய ஆராய்ச்சி. என் மாணவர்கள் குப்பைக் கிடங்குப் பக்கம் தேடிப் போனார்கள். கொடுங்கையூர் என்று சொன்னால் மூக்கைப் பிடிக்கிறோம், பருந்துக்கு அது பந்தி.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிடம் வாயைக் கொடுத்துப் பாருங்கள். ஆலா என்கிற கடற்பறவை கூட்டமாக இறங்கி இறங்கி ஏறினால் கீழே மீன் இருக்கிறது என்று அப்பா படகைத் திருப்புவார் என்று ஒரு பையன் எனக்குப் பாடம் எடுத்தான். நான் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போடச் சொல்வேன்: 'எங்கள் வீட்டில் சொல்லும் பெயர்', 'புத்தகப் பெயர்'. முதல் பத்தி பெரும்பாலும் முதலில் நிரம்பும். மடையான் என்கிற பறவைக்கு எங்கள் வகுப்பில் மட்டும் நான்கு பெயர் கிடைத்தது. கிட்டே போகும்வரை அசையாமல் நிற்பதால் அதற்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர். அதன் கண்ணில் குறை ஒன்றும் இல்லை. பழுப்பு நிறம் தன்னை மறைத்துவிடும் என்று நம்பி நிற்கிறது, பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரிந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. படம் எடுக்கப் பழகுகிறவருக்கு அதைப் போல ஒத்துழைக்கும் பறவை வேறு இல்லை.

கடற்கரை என்றால் மெரினா என்று நினைக்கிறார்கள். நமக்கு மணல் இல்லை, கல்தான். காரணம் பாடத்திலேயே சேர்க்கத்தக்கது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழும்பியதும் மணல் அதன் தெற்கே தடைபட்டுத் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொட்டுக் கரை அரிக்கப்பட்டது. வீடு, கோயில், தெரு என்று போன பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள். அந்தக் கற்களின் இடுக்கில் இன்று பாறை நண்டுகள் ஓடுகின்றன, குளிர்காலத்தில் உள்ளான் பறவை வாலை ஆட்டிக்கொண்டே இரை பொறுக்குகிறது. மெரினாவுக்குப் போகும் பிள்ளை பட்டம் விடலாம். நம் பிள்ளை ஊர்க் கதையையும் நண்டையும் ஒரே கல்லில் பார்க்கலாம். (அலை அடிக்கும் பக்கம் இறங்கவிடாதீர்கள். பாசி வழுக்கும். இதை நான் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.)

இனி எண்ணூர். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலைச் சேரும் முகத்துவாரத்தில் ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், அவற்றுக்குக் கீழே சேற்றில் நெடுங்கால் உள்ளான், சாம்பல் நாரை, நீர்க்காகம், கூழைக்கடா. தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று கையால் தடவியே இறால் பிடிக்கிற இருளர் பெண்கள். பிடித்த இறாலைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். நான் அங்கே பறவைப் படம் எடுக்கப் போன முதல் நாள், ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "அங்கே நிற்காதே, உன் நிழல் தண்ணீரில் விழுகிறது" என்றார். நாரைக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே விதி என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் நிழலைப் பார்க்காமல் நின்றதில்லை. எந்தப் புகைப்படப் புத்தகத்திலும் அந்தப் பாடத்தை நான் படித்ததில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து இந்தக் கழிமுகத்தில் படிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அண்ணனின் போனில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பாலத்தின்மேல் நின்று எடுத்தது, கொஞ்சம் ஆடியிருந்தது. கூழைக்கடா ஒன்று. "சார், இது வேறு இனமா? நாம் பார்த்தது சாம்பல் வெள்ளையாகத்தானே இருந்தது, இதற்கு மார்பு பழுப்பாக இருக்கிறது" என்றாள். முந்தைய மாதம் அவள் அதே பாலத்தில் நின்று வரைந்த படம் நோட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அலகில் புள்ளி, தொண்டைப் பை, கண் எல்லாம் ஒன்று. மார்பும் வயிறும்தான் வேறு. தண்ணீரில் படுகிற பகுதி மட்டும் நேர்கோடு போட்டதுபோலக் கறை. அவளே கோட்டைத் தடவிப் பார்த்து, "இது தண்ணீர் மட்டம்" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிறகுதான் இறகின் கதையைச் சொன்னேன். இறகின் கிளைகளில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஜிப் போல மூடி இருக்கின்றன. அதனால்தான் தண்ணீர் உள்ளே போவதில்லை, அடியில் காற்று தங்குகிறது, பறவை மிதக்கிறது, குளிராமல் இருக்கிறது. எண்ணெய் பட்டால் இழைகள் கட்டியாகி ஜிப் பிரிந்துவிடும். பறவை அலகால் கோதிச் சரிசெய்யப் பார்க்கும், எண்ணெயை விழுங்கும். கீழே கிடந்த ஒரு கோழி இறகை விரலால் பிரித்து, மறுபடி நீவிச் சேர்த்து, தண்ணீர்ச் சொட்டு உருள்வதைக் காட்டினேன். பிறகு ஒரு துளி சமையல் எண்ணெய் தடவித் திரும்பவும் காட்டினேன். செலவு ஒன்றும் இல்லை. நீங்களும் செய்யலாம்.

அந்த ஆடிப்போன படம்தான் என் பணிக்காலத்தில் மாணவர் எடுத்த படங்களிலேயே சிறந்தது என்று நினைக்கிறேன். அண்ணனின் போன் நல்ல போன் என்பதால் அல்ல. முந்தைய மாதமும் அதே இடத்தில் நின்று பார்த்தவள் எடுத்தாள் என்பதால். ஒரு தடவை மட்டும் போனவளுக்கு அது பழுப்பு மார்புப் பறவையாகவே இருந்திருக்கும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதற்குள் வந்துவிட்டது: வருடத்துக்கு ஒரு முறை வண்டலூரைவிட, வாரத்துக்கு ஒரு முறை அதே மரம், அதே பாலம்.

இப்போது கேமராவுக்கு வருவோம். பிள்ளைகள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது, கொண்டுவர வேண்டாம். உங்கள் போன் ஒன்று போதும். நாற்பது பிள்ளைக்கு ஒரு போன் என்பது குறை மாதிரித் தெரியும். நான் அதை வசதியாக மாற்றிக்கொண்டேன். ஆளுக்கு மாதம் மூன்று படம், அவ்வளவுதான். நான் பழகியது பிலிம் காலத்தில். ஒரு சுருளுக்கு 36 படம். முதல் சுருளைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "சார், எல்லாம் வானமாக இருக்கிறதே, இடம் பார்க்கப் போனீர்களா?" என்று கேட்டார். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு புள்ளி இருந்தது, அது பருந்து. பணம் கொடுத்து வானத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அடுத்த சுருளில் அழுத்துவதற்கு முன் நூறு தரம் யோசித்தேன். மூன்றே படம் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் அழுத்துவதை விட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். தீப்பெட்டியின் மேலுறையை வெட்டி ஒரு சட்டம் செய்து கொடுங்கள். மாதம் முழுக்க அதன் வழியாகப் பார்க்கட்டும், முடிவு செய்த பிறகு போனைக் கையில் வாங்கட்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு கேள்வி எழுதியிருக்க வேண்டும். இது என் ஒரே கண்டிப்பு. 'அழகாக இருந்தது சார்' என்றால் போன் கிடையாது. ஒரு பையன் எழுதியிருந்தான்: 'பருந்து மீனை வாயால் தூக்குமா, காலால் தூக்குமா?' வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வாய் என்று கை தூக்கினார்கள். காசிமேட்டில் கழிவு மீன் வீசும் இடத்தில் நின்று, ஒரே அழுத்தில் தொடர்ச்சியாக எடுக்கும் வசதியைப் போட்டு எடுத்தோம். ஒன்றில் கால் நீண்டிருக்கிறது, அடுத்ததில் மீன் காலில், அதற்கடுத்து பறந்துகொண்டே காலை முன்னே கொண்டுவந்து கொத்தித் தின்கிறது. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்பவர் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விடுகின்றனவா என்று பார்த்ததும் இதே வேலைதான். விடுகின்றன. கண்ணால் தீர்க்க முடியாத வழக்கு அது.

வெளிச்சம் பற்றிய பாடமும் காகத்திடமே இருக்கிறது. காகத்தை வானத்தின் பின்னணியில் எடுத்தால் கரிக்கட்டையாக விழும். நம் ஊர்க் காக்கைக்குக் கழுத்து சாம்பல், அண்டங்காக்கைக்கு முழுக்கக் கறுப்பு. படம் இருட்டாகிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். திரையில் காகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதை மேலே தள்ளினால் கழுத்தின் சாம்பல் வெளியே வரும். இருண்ட சேற்றில் நிற்கிற வெண்கொக்குக்கு நேர் எதிராக, கீழே இழுக்க வேண்டும். இல்லையென்றால் இறகே இல்லாத வெள்ளைத் துணி மாதிரி வரும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும், கறுப்பும் வெள்ளையும் அதற்குத் தெரியாது. இதைப் பிள்ளைகள் ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும், மிச்சக் கலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்கிற பழக்கத்தை மட்டும் முதல் நாளே நிறுத்துங்கள். போனில் லென்ஸ் தாண்டிய பெரிதாக்கல் எல்லாம் வெட்டி ஊதிக் காட்டுவதுதான். இப்போதைய போன்கள் இல்லாத இறகைத் தானாகத் தீட்டியும் வைக்கின்றன. கிட்டே வருகிறதை எடுங்கள்: சிலந்தி, எறும்பு, வண்ணத்துப்பூச்சி முட்டை. அதற்கு லென்ஸ் வாங்க வேண்டாம். காயலான்கடையில் பழைய டிவிடி பிளேயர் ஒன்றைக் கேளுங்கள். உள்ளே தட்டை வாசிக்கும் இடத்தில் மிளகளவு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் இருக்கும். மெதுவாகக் கழற்றி, தலைக்குக் குத்தும் ஸ்லைடின் இடுக்கில் செருகி, போன் கேமராவின் மேல் ஒட்டுத்தாளால் ஒட்டிவிடுங்கள். சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் தெளிவு கிடைக்கும், கை ஆடக் கூடாது, மூச்சையும் அடக்க வேண்டும். வகுப்பறைச் சுவரில் தாவும் சிலந்தியின் எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கிற இரண்டு பெரிய கண் உங்களைத் திரும்பிப் பார்க்கும். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சத்தம் போடாமல் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அதைச் செய்யுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தே தீரும், செலவழித்தே தீருவேன் என்றால் பைனாகுலர் வாங்குங்கள். அதில் 8x42 என்று எழுதியிருக்கும்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் வருகிறது அல்லவா, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்குள் வரும், விடியற்காலை மங்கலிலும் போதும். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கையில் பிடித்தால் நடுக்கம்தான் முப்பது மடங்காகத் தெரியும். பெரிய லென்ஸ் கேமரா என்பது ஒரு பிள்ளை பார்க்க முப்பத்தொன்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிற சமாச்சாரம். நமக்குச் சரிவராது. சென்னையில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனின் யானைப் படங்களைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. காட்டில் அவர் காத்துக்கிடந்த நேரம் அந்தப் படங்களில் தெரியும்.

செயலி. பெயர் சொல்லும் செயலிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, நானும் வைத்திருக்கிறேன். மெர்லின் குரலைக் கேட்டே பறவையைச் சொல்கிறது, ஈபேர்ட் என்ற இணையதளத்தில் நாம் பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதிந்தால் அது ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேர்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் பள்ளிப் பட்டியலையும் சேர்க்கலாம். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும். என் குறை வேறு. பெயர் வந்ததும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு ஏற்பாடு: மூன்று அடையாளம் எழுதி, நீயாக ஒரு பெயர் ஊகித்த பிறகே போனைத் தொடலாம்.

அது தப்பும் பண்ணும் என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும். ஒரு காலை மைதானத்தில் செயலி 'வைரி', அதாவது வல்லூறு, என்று காட்டியது. மரத்தடியில் மேய்ந்த மைனாக்கள் குபீரென்று எழும்பின. எல்லோரும் வானத்தில் வல்லூறைத் தேடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் மின்கம்பியைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்தது இரட்டைவால் குருவி, அதாவது கரிச்சான். அது வைரியின் குரலில் கத்தி மைனாக்களைத் துரத்திவிட்டு அவை விட்டுப்போன பூச்சியைத் தின்னும். செயலி காதை மட்டும் நம்பியது, மைனாவும்தான். "ரெண்டும் ஒரே குருவியிடம் ஏமாந்துபோயின சார்" என்று அவள் சொன்னபோது எனக்கு அவளைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்போல இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பொல்லாதவன். பறவை இருக்கிற கூட்டைப் படம் எடுக்கவிடமாட்டேன். நெடுங்கால் உள்ளான் வெட்டவெளித் தரையில் முட்டையிடும். கோடை வெயிலில் தாய்ப்பறவை முட்டைமேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. நாம் படம் எடுக்கக் கிட்டே போய்ப் பத்து நிமிடம் அதை எழுப்பிவிட்டால் அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் நிஜமாகவே 'வெந்துவிடும்' என்றாகிவிடும். நம் பின்னாலேயே காகமும் வந்து இடத்தைப் பார்த்துக்கொள்ளும். அதே காரணத்துக்காகப் படத்தில் இடம் பதிகிற வசதியை அணைத்துவிடுங்கள். கிளிக்குஞ்சு விற்கிறவர்களுக்கு மரப்பொந்தின் முகவரியை நாமே எழுதிக் கொடுக்க வேண்டாம். கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொன்னால், வகுப்பில் இரண்டு மூன்று முகம் வாடும். வீட்டில் கிளி இருக்கிறது என்று அர்த்தம். திட்டாதீர்கள், பேசுங்கள்.

பெரிய பயணம் ஒன்று வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் பழவேற்காடு போங்கள். நம்மிடமிருந்து வண்டலூரைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம்தான். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசுவதைப் பைனாகுலரில் பார்க்கலாம். போனில் எடுத்தால் என் முதல் சுருள் மாதிரி வானம் கிடைக்கும்.

இவ்வளவு எழுதிவிட்டு முதல் வகுப்பை எப்படித் தொடங்குவது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். வகுப்பறை ஜன்னலைக் கறுப்புத் தாளோ அட்டையோ ஒட்டி முழுக்க அடைத்துவிடுங்கள், கதவிடுக்கில் பிள்ளைகளின் பைகளை வையுங்கள். அட்டையின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னதாக ஒரு துளை. எதிர்ச்சுவர் வெள்ளையாக இல்லையென்றால் ஒரு வேட்டியைத் தொங்கவிடுங்கள். இருட்டு பழக ஐந்து நிமிடம் ஆகும், அதுவரை சத்தம் தாங்காது. பிறகு தெரு முழுவதும் சுவரில் தலைகீழாக வரும்: கூரைமேல் ஓடுகிற ஆட்டோ, கீழே வானம், அதில் தலைகீழாகப் பறக்கிற காகம். எங்கள் பள்ளியில் மூன்றாம் மாடியிலிருந்து செய்தபோது துறைமுகத்து கிரேன்கள் உத்தரத்திலிருந்து தொங்கின. வெளியே பளீரென்று வெயில் விழுகிற நேரமாக இருக்க வேண்டும். ஜன்னல் மேற்கே பார்த்தது என்றால் காலையில் செய்யுங்கள், கிழக்கே பார்த்தது என்றால் மதிய உணவுக்குப் பிறகு. உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம், டீச்சர்?